அறுபத்து மூன்று படிவங்கள்

எர்ணாவூர் யார்டில் மொத்தம் அறுபத்து மூன்று பேர்.
நாயன்மார் கணக்கு என்பார் கேட்டில் இருக்கும் ஞானசிகாமணி.
ஆளுக்கொரு படிவம், இரண்டே கேள்வி,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு வட்டம்.
வயதை மட்டும் எழுதினால் போதும், பேர் வேண்டாம் என்று
தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கட்டை
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.
டாக்குமென்ட் செக்‌ஷனில் பதினெட்டு வருஷம்.
காகிதம் என்றாலே நான்தான்.

முதல் கேள்வி:
வேலையில் நான் உயிர்ப்போடு இருக்கிறேன்.

தேசப்பனுக்குப் படித்துக் காட்டினேன். ஐம்பத்தெட்டு.
ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறவர்,
நாற்பதடிப் பெட்டியை நாலாம் அடுக்கில்
தீப்பெட்டி மாதிரி வைப்பார்.
"உயிரோடதாம்மே கீறேன். அஞ்சு போடு."
சிரிக்கப் போனேன்.
அவர் ஏழாம் வரிசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
வயர் அறுந்த அன்றைக்கு
அவருக்கும் ஆபிரகாமுக்கும் நடுவில்
இரண்டே முழம்.
ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.

புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்கிறேன் என்பதற்கும்
ஐந்துதான்.
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
போன மாசம் கொடுத்த டேப்லட்டில்
பெட்டி நம்பர் தேட வந்துவிட்டதாம்.
"யாராண்டையும் சொல்லாத,
சொன்னா இன்னும் நாலு வேலை குடுப்பானுங்கோ."

ஹேமபிரியாவுக்கு இருபத்து நான்கு.
விம்கோ நகரில் மெட்ரோ இறங்கி
ஷேர் ஆட்டோவில் காதில் பாட்டோடு வருகிறவள்.
அவள் வந்தால் ஸ்கேனிங் அறையே கலகலக்கும்.
நாலாவது போடுவாள் என்றிருந்தேன்.
இரண்டு. ஒன்று.
"ஆறே மாசத்துல எல்லாம் முடிஞ்சிதுக்கா.
இப்ப தூக்கத்துல கூட செய்வேன்.
சிரிக்கிறது வேற."

எனக்கு நாற்பத்து மூன்று.
மூன்று, மூன்று.
யோசிக்கவில்லை, கையே போட்டது.

கடைசியில் ஒரு காலிக் கட்டம்: வேறு ஏதாவது.
என்னோடு சேர்த்து அறுபது பேர் கோடு இழுத்திருந்தோம்.
ஒருவர் சம்பளம் என்று எழுதி இரண்டு அடிக்கோடு.
தேசப்பன் சீட்டுக்கு ஒரு குஷன் கேட்டிருந்தார்.
அவள் எழுதியிருந்தாள், நீல மையில்:
பெண்கள் கழிப்பறைச் சாவி
செக்யூரிட்டி சட்டைப்பையில் இருக்கக் கூடாது.

வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
சேர்ந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்டது அது:
வீட்டில் ஒரு டம்ளர்,
அப்புறம் நாலு மணிவரை ஒன்றுமில்லை,
மே மாசத்தில், மணலிக் காற்று தொண்டையில் கரிக்கும்போதும்.
எனக்குத் தாகமே எடுக்காது என்று
பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.
இரண்டு தடவை கிட்னியில் கல். உடம்புவாகு என்றேன்.
புதுசாகச் சேரும் பெண்களுக்கு
ரகசியம் போலச் சொல்லித்தருவேன்.
ஹேமபிரியாவுக்கும் சொன்னேன், முதல் நாள்.
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
புரியவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

முடிவுகள் வந்தன, மூன்று நிறத்தில் மூன்று தூண்.
மூத்தவர்கள் செழிப்பு, இளையவர்கள் சோர்வு.
எங்களுடையது நடுவில், சாம்பல்.
வியாழன்தோறும் கேன்டீனில் தியானம் என்று சுற்றறிக்கை.
ஞானசிகாமணி செருப்பை வெளியே விட்டு வந்து
முதல் வரிசையில் தூங்கினார்.

சாவியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.
திங்கட்கிழமை அவளே கேட்டுக்குப் போனாள்.
என்ன பேசினாளோ தெரியாது.
மத்தியானம் ஸ்கேனிங் அறை வாசலில் ஓர் ஆணி,
ஆணியில் சாவி,
சாவியில் அவள் கட்டிய சிவப்பு ரிப்பன்.

மறுநாள் பதினொரு மணி.
ட்ரைலர்கள் எக்ஸ்பிரஸ் சாலை வரை நின்று
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்தேன்.
பிறகு இன்னொன்று.
குடித்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து
காத்திருந்தேன், கொஞ்சம் பயத்தோடு,
வருகிறதா என்று.